ஆசிரியரின்றி லாவோ

லாவோ மொழி பேசுவோரில் பெரும்பாலோர் லாவோஸ் நாட்டில் வாழவில்லை. மேகோங் ஆற்றைக் கடந்தால் வரும் ஈசானில், அதாவது தாய்லாந்தின் வடகிழக்கில் வாழ்கிறார்கள். லாவோஸின் மக்கள்தொகை ஏறத்தாழ 75 லட்சம். அதிலும் கணிசமானோருக்குக் குமு, மோங் என்று வேறு தாய்மொழிகள் உண்டு. ஈசானில் லாவோ பேசுவோரோ ஒன்றரைக் கோடிக்குக் குறையாது. ஆனால் அவர்கள் பள்ளியில் படிப்பது பாங்காக்கின் மொழியை. வீட்டில் பேசும் பேச்சை எழுத நேர்ந்தாலும் தாய்லாந்து எழுத்தில்தான் எழுதுவார்கள். பேசுகிற கூட்டம் ஒரு கரையிலும், எழுத்தும் அரசும் பள்ளியும் மறு கரையிலுமாகப் பிரிந்துபோன மொழி இது. தாய்லாந்து மொழியைக் கற்க நினைப்பவருக்கு அலமாரி நிறையப் புத்தகம் கிடைக்கும். லாவோவுக்குத் தேறுவது ஒரு கைப்பிடி.

அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக இந்த மொழியைக் கற்க முடியுமா? முடியும், ஓரளவுக்கு. எந்த அளவுக்கு என்பது, கையில் உள்ள நூல் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்திருப்பதைப் பொறுத்தது. லாவோ பாடநூல்கள் ஒரு மரபாக வளர்ந்தவை அல்ல. பாதிரியார், தூதரக அதிகாரி, முதுகில் பை சுமந்த பயணி என்று ஒவ்வொரு காலத்திலும் ஒருவருக்கு அவசரத் தேவை வந்தது. அவருக்காக ஒரு நூல் எழுதப்பட்டது. தேவை தீர்ந்ததும் தொடர்ச்சியும் நின்றுபோனது.

முதலில் வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். தியோடர் கிஞார் என்ற மறைப்பணியாளரின் லாவோ-பிரெஞ்சு அகராதி 1912இல் ஹாங்காங்கில் அச்சானது. 1970இல் மார்க் ரென்ஹோர்னின் பெரிய அகராதி பாரிஸில் வந்தது. பின்னர் அவரே இலக்கணமும் எழுதினார். பிரெஞ்சு தெரிந்தவருக்கு, அதிலும் பௌத்த நூல்களையும் பழைய ஏடுகளையும் படிக்க விரும்புபவருக்கு, இவை இன்றும் பயன்படும். சந்தையில் காய்கறி வாங்குவதற்கு இவற்றைப் புரட்டுவது வீண்வேலை.

தனிப்பயிற்சிக்கு உண்மையான அடித்தளம் போட்டது அமெரிக்கப் போர்க்காலம். 1960களில் தலைநகர் வியன்டியனில் அமெரிக்க உதவித் திட்டங்கள் பெருகின, அதிகாரிகள் வந்து குவிந்தார்கள். அவர்களுக்காக அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பள்ளி, எஃப்.எஸ்.ஐ. என்று சுருக்கமாக அறியப்படுவது, ‘லாவோ பேசிக் கோர்ஸ்’ என்ற பாடத்தை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. வாரன் யேட்ஸும் சூக்சோம்பூன் சாயசித்சேனாவும் எழுதிய அதன் முதல் தொகுதி 1970ஐ ஒட்டியும் இரண்டாவது 1971இலும் வந்தன. அரசு வெளியீடு என்பதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை. ஒலிப்பதிவோடு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றி மாற்றி நூறு முறை சொல்லவைக்கும் முறை அது. அலுப்பூட்டும். ஆனால் அந்த அலுப்பில்தான் நாக்கு பழகுகிறது. லாவோ நூல்களில் வாக்கிய அமைப்பை இவ்வளவு பொறுமையாகக் கட்டிக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

இதே பள்ளி, ஆங்கிலம் பேசுவோர் நாவுக்கு எவ்வளவு கடினம் என்று மொழிகளைத் தரம் பிரித்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. லாவோவுக்கு அது ஒதுக்கும் காலம் 44 வாரம், 1,100 வகுப்பு மணி. அதே வரிசையில் தமிழும் இருக்கிறது. அந்த 1,100 மணியும் எதிரே ஆசிரியர் உட்கார்ந்திருக்கும் மணிக்கணக்கு என்பதைத் தனியாகப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

1975 டிசம்பர் 2ஆம் நாள் லாவோஸில் மன்னராட்சி முடிந்தது. அதோடு அமெரிக்கர்களின் தேவையும் முடிந்தது, பாடநூல் வரிசையும் நின்றது. ஆலன் கெர் 1972இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்த லாவோ-ஆங்கில அகராதியும் இந்தப் பழைய உலகத்தைச் சேர்ந்ததே. இங்கேதான் கற்பவர் விழிப்பாக இருக்க வேண்டும். புதிய அரசு எழுத்துமுறையில் கைவைத்தது. ஈசானில் பிறந்த அறிஞர் மகா சிலா விராவோங் 1930களில் எழுதிய இலக்கணம், பாலி மூலத்தைக் காட்டும்படி சொற்களை எழுத விரும்பியது. அதற்காகக் கூடுதல் எழுத்துகளையும் முன்வைத்தது. அந்தப் புதிய அரசை அமைத்த பாத்தெட் லாவோ இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான பூமி வோங்விசித் 1967இல் எழுதிய இலக்கணமோ, ஒலிக்கிறபடி எழுது என்றது. 1975க்குப் பிறகு வென்றது இரண்டாவது வழி. ‘ர’கர எழுத்தே பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் அயல்நாட்டுப் பெயர்களுக்காகத் திரும்பி வந்தது. பழைய அகராதியில் படித்த எழுத்துக்கூட்டலை இன்றைய செய்தித்தாளில் தேடினால் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான்.

பேச்சிலும் அரசியல் புகுந்தது. மன்னர் காலத்தில் பணிவாகத் தன்னைக் குறிக்க ‘கா நோய்’ என்பார்கள். ‘சிறிய அடிமை’ என்று பொருள், ஏறத்தாழ நம் ‘அடியேன்’. புரட்சிக்குப் பின் இது நிலப்பிரபுத்துவ வாடை அடிக்கும் சொல்லாகக் கருதப்பட்டது, ‘சஹாய்’ என்ற தோழர் விளி வந்து அமர்ந்தது. இப்போது அந்தக் கெடுபிடி தளர்ந்துவிட்டது, பழைய பணிவுச் சொற்களும் திரும்பியிருக்கின்றன. ஆகவே எஃப்.எஸ்.ஐ. உரையாடல்களை வாக்கிய அமைப்புக்காகப் படிக்கலாம், மரியாதை வழக்குக்கு அவற்றை மட்டும் நம்பக் கூடாது.

மூன்றாவது அலை, நாடு கதவைத் திறந்த பிறகு வந்தது. 1994 ஏப்ரலில் நோங் காய்க்கும் வியன்டியனுக்கும் இடையே மேகோங்கின் மீது நட்புறவுப் பாலம் திறக்கப்பட்டது. பயணிகள் வந்தார்கள், ஜோ கம்மிங்ஸ் லோன்லி பிளானட்டுக்காக எழுதியதைப் போன்ற சட்டைப்பைக் கையேடுகளும் வந்தன. 2003இல் பாய்பூன் பதிப்பகம் வெளியிட்ட ‘லாவோ ஃபார் பிகினர்ஸ்’ இந்த அலையின் உருப்படியான விளைச்சல். புவாசவன் சிம்மலாவும் பெஞ்சவன் பூம்சன் பெக்கரும் எழுதியது. பேச்சையும் எழுத்தையும் பாடத்துக்குப் பாடம் சேர்த்தே கற்பிக்கிறது, ஒலிப்பதிவும் உண்டு. இதே தலைப்பில் தத்சுவோ ஹோஷினோவும் ரஸ்ஸல் மார்க்கஸும் எழுதி டட்டில் நிறுவனம் முன்னரே வெளியிட்ட இன்னொரு நூலும் இருக்கிறது. வாங்கும்போது ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்குவது நல்லது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு என் ஓட்டு பாய்பூன் நூலுக்கே.

இந்த நூல்கள் எல்லாவற்றையும் பாதிக்கும் நோய் ஒன்று உண்டு. லாவோவை ரோமன் எழுத்தில் எழுத எல்லோரும் ஏற்ற ஒரே முறை கிடையாது. ஊர்ப்பெயர்கள் பிரெஞ்சு வழக்கில் நிற்கின்றன. லாவோக்கள் ‘வியங்ச்சன்’ என்று சொல்வதைப் பிரெஞ்சுக்காரன் எழுதியபடி உலகம் ‘வியன்டியன்’ என்கிறது. எஃப்.எஸ்.ஐ. தனக்கென ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டது, பாய்பூன் இன்னொன்று, பயணக் கையேடுகள் வேறொன்று. இரண்டு நூல்களை ஒரே நேரத்தில் படிப்பவருக்கு ஒரே சொல் இரண்டு வேடத்தில் வந்து நிற்கும். இதற்கு ஒரே மருந்து, லாவோ எழுத்தை முதல் மாதத்திலேயே கற்றுவிடுவது. எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பேசப் பழகு என்கிற நூல்கள் கற்பவருக்கு நன்மை செய்வதாக நினைத்துத் தீமை செய்கின்றன.

தமிழ் வாசகருக்கு இந்த எழுத்து பயமுறுத்தாது. பல்லவர் எழுத்திலிருந்து கெமர் வழியாகக் கிளைத்த குடும்பம் அது. க, ங, ச என்று நகரும் வரிசை பழக்கப்பட்டதாகவே இருக்கும். ‘எ’, ‘ஐ’ போன்ற உயிர்களின் குறி மெய்க்கு முன்னால் எழுதப்படுவதும், சில உயிர்கள் மெய்யை இருபுறமும் அணைத்து நிற்பதும் ஐரோப்பியருக்குப் பெரும் திகைப்பு. ‘கெ’, ‘கை’, ‘கொ’ எழுதிப் பழகியவருக்கு அதில் என்ன புதுமை? அ என்றால் அணில் என்று நாம் படித்தது போலவே, அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் கோழி, முட்டை, எருமை, புலி என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். மெய்யெழுத்துகள் 27தான். சொற்களுக்கு இடையே இடைவெளி விடாமல் எழுதுவதுதான் படுத்தும். சொல் எங்கே முடிகிறது என்று கண் தேடிப் பிடிக்கச் சில மாதங்கள் ஆகும்.

ஒலிகளில் நமக்கு லாபமும் நட்டமும் உண்டு, இவற்றை ஆங்கிலவழி நூல்கள் சொல்லாது. குறில் நெடில் வேறுபாடு லாவோவில் பொருளையே மாற்றும். ஆங்கிலேயர் இதில் தடுமாறுவார், நாம் தடுமாற மாட்டோம். உதட்டைக் குவிக்காமல் சொல்லும் உகரம் லாவோவில் ஓர் உயிரொலி; ‘கை’ என்ற பொருளில் வரும் சொல்லில்கூட அது நெடிலாக ஒலிக்கும். நூல்கள் அதை விளக்கப் படம் போடுகின்றன. ‘காசு’, ‘பாட்டு’ என்று பேசும்போது கடைசியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரத்தை இழுத்துப் பார்த்தால் அதன் பக்கத்தில் போய்விடலாம். ‘ங’வில் சொல் தொடங்குவது நம் வழக்கில் இல்லை. லாவோவிலோ பாம்பும் பணமும் அதில்தான் தொடங்குகின்றன. எழுத்தை அறிந்தவருக்கு அது சில நாள் பயிற்சி.

நட்டம் வல்லினத்தில். ‘பா’ என்று தமிழில் எழுதினால் லாவோவில் அது மீனாக இருக்கலாம். காற்றோடு வெடிக்கும் பகரத்தில் சொன்னால் துணி. குரல் அதிரும் பகரத்தில் சொன்னால் பைத்தியம். இந்த மூன்று பகரங்களையும் வேறுபடுத்தத் தமிழ் எழுத்தில் வழியில்லை. ஆகவே தமிழில் ஒலிபெயர்த்துக் குறிப்பேடு எழுதும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிட வேண்டும். இன்னொன்று, சொல்லின் கடைசி வல்லினத்தை லாவோக்கள் வாய்க்குள்ளேயே அடைத்துவிடுவார்கள். பஸ்ஸை ‘பஸ்ஸு’ என்றும் கப்பை ‘கப்பு’ என்றும் ஆக்கும் நம் நாக்கு அங்கே ஓர் உகரத்தைச் சேர்க்கும். ஆறு, ஏழு, எட்டு, பத்து ஆகிய எண்கள் ‘ஹொக்’, ‘செத்’, ‘பெத்’, ‘சிப்’ என்று அடைப்பில் முடிபவை. அவற்றை ‘ஹொக்கு, செத்து’ என்று எண்ணினால் கடைக்காரர் புரிந்துகொள்வார், ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுரத்துக்கு, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கத்துக்கு வருவோம். ‘கை’ என்பதை ஒரு சுரத்தில் சொன்னால் அருகில், இன்னொன்றில் தொலைவில், மற்றொன்றில் கோழி. வழி கேட்கும்போது அருகும் தொலைவும் சுரத்தால் மட்டுமே வேறுபடுவது லாவோவின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். வியன்டியன் பேச்சில் சுரங்கள் எத்தனை? நிக் என்ஃபீல்டு 2007இல் வெளியிட்ட விரிவான லாவோ இலக்கணம் ஐந்து என்கிறது, பாடநூல்கள் சில ஆறு என்கின்றன. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஊருக்கு ஊர், ஏன் ஆளுக்கு ஆள்கூட, சுரத்தின் ஏற்ற இறக்கம் மாறும். வடக்கிலுள்ள லுவாங் பிரபாங் நகரத்துப் பேச்சின் அமைப்பே தனி. எழுத்திலிருந்து சுரத்தைக் கணக்கிட, மெய் எந்த வகுப்பைச் சேர்ந்தது, உயிர் குறிலா நெடிலா, முடிவு அடைப்பா, மேலே சுரக்குறி இருக்கிறதா என்று நான்கைந்து கேள்விகளுக்குப் பதில் வேண்டும். நூல்கள் இதை ஓர் அட்டவணையாகத் தந்துவிட்டு ஓய்ந்துவிடுகின்றன. அட்டவணையை மனப்பாடம் செய்தவர், பேசும் வேகத்தில் அதைப் பயன்படுத்த முடியாது என்பதைச் சீக்கிரமே கண்டுகொள்வார். ஒரே ஒரு நூலின் சுர அமைப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் அதன் ஒலிப்பதிவோடு சேர்த்தே மனத்தில் ஏற்றுவது நடைமுறைக்கு ஒத்த வழி. இரண்டு நூல்களின் அட்டவணைகளை ஒப்பிடுவது பின்னால் செய்ய வேண்டிய வேலை.

தனியாகப் படிப்பவர் தன் சுரப் பிழையைத் தானே கேட்க முடியாது என்பதுதான் தனிப்பயிற்சியின் பெரிய ஓட்டை. எந்த நூலும் அதை அடைக்காது.

விளிமுறையில் நிலைமை தலைகீழ். ஐரோப்பியருக்கு எழுதப்பட்ட நூல்கள், முன்பின் தெரியாத ஒருவரை ‘அண்ணன்’, ‘அக்கா’ என்று அழைக்க வேண்டும் என்பதை விளக்கவே பக்கங்களைச் செலவிடுகின்றன. பஸ் நடத்துநரை அண்ணா என்று கூப்பிட்டு வளர்ந்தவருக்கு ‘ஆய்’, ‘உவாய்’, ‘நோங்’ என்ற அண்ணன், அக்கா, தம்பி-தங்கை விளிகள் தானாக வரும். பெற்றோரைவிட மூத்தவரா இளையவரா என்று பார்த்து உறவுப்பெயர் மாறுவதும் நமக்குப் பழக்கம்தான். நம் கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. ‘லுங்’ என்பது அப்பாவின் அண்ணனையும் குறிக்கும், அம்மாவின் அண்ணனையும் குறிக்கும். பெரியப்பாவும் மாமாவும் ஒரே பெயரில் அடங்கிவிடுவார்கள். ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்டே நலம் விசாரிக்கும் வழக்கமும் அங்கே உண்டு.

தாய்லாந்து மொழியை முதலில் கற்று, பிறகு லாவோவுக்கு வருவது எளிது என்பது பரவலான அறிவுரை. இதில் உண்மை இருக்கிறது. இரண்டுக்கும் வாக்கிய அமைப்பு ஏறக்குறைய ஒன்று, அடிப்படைச் சொற்களிலும் பெரும்பகுதி பொது. லாவோக்கள் தாய்லாந்துத் தொலைக்காட்சி பார்த்தே வளர்கிறார்கள், எனவே தாய்லாந்து மொழி பேசினால் வியன்டியனில் எல்லோருக்கும் புரியும். சிக்கலும் அங்கேதான். புரிந்துவிடுவதால் யாரும் திருத்த மாட்டார்கள். தாய்லாந்து மொழியின் ‘ரக்’, அன்பு, லாவோவில் ‘ஹக்’. பெரிய என்பதற்கு அங்கே ‘யை’, இங்கே ‘ஞை’. இந்த ஒலி மாற்றங்களைக் காதால் பிடித்து விதியாக்கிக்கொள்ளலாம். சுரங்களுக்கு அப்படி எளிய விதி இல்லை. ஈசானில் வாழப்போகிறவருக்கு இந்தச் சுற்றுவழி பொருந்தும், ஏனென்றால் அங்கே அலுவலகமும் பெயர்ப்பலகையும் தாய்லாந்து மொழியில்தான். லாவோஸுக்கே போகிறவர் நேராக லாவோவில் இறங்குவதே நல்லது என்பது என் கருத்து. அவர்களுடைய எழுத்தைப் படிக்க முயலும் அயலாரை அந்த நாட்டில் வேறு மரியாதையோடு பார்க்கிறார்கள்.

இணையமும் செயலிகளும் இந்த நிலையை மாற்றியிருக்கின்றனவா? நினைத்த அளவுக்கு இல்லை. டுவோலிங்கோவில் லாவோ கிடையாது. சீலாங் நூலகத்தில் அகராதி இருக்கிறது, வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகம் தன் தென்கிழக்காசியத் தளத்தில் தொடக்கப் பாடங்களை இலவசமாக வைத்தது. பழைய மின்கோப்புகளைத் திறந்தால் நம் பாமினி எழுத்துருக் காலத் தலைவலி மறுபடியும் வரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை குப்பையாகத் தெரியும். யூனிகோடிலேயே ஒரு வேடிக்கை உண்டு. லாவோ எழுத்துகளுக்குப் பெயரிட்டபோது இரண்டு லகர-ரகர எழுத்துகளின் பெயர்களையும், இரண்டு ஃபகர எழுத்துகளின் பெயர்களையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். வைத்த பெயரை மாற்றக் கூடாது என்பது அவர்கள் விதி, எனவே திருத்தத்தைத் துணைப்பெயராகச் சேர்த்ததோடு சரி. அந்தப் பட்டியலை நம்பி எழுத்துப் பயிற்சிச் செயலி செய்பவர் பிழையையும் சேர்த்தே கற்பிப்பார். இயந்திர மொழிபெயர்ப்பு தகவலுக்கு உதவும். யாரை எப்படி அழைப்பது என்பதில் அதை நம்பினால் மூத்தவரிடம் அவமரியாதையாகப் பேச நேரும்.

தொடக்க நூலை முடித்தவர் அடுத்து எங்கே போவது? இங்கே பள்ளம். என்ஃபீல்டின் இலக்கணம் உயர்ந்த நூல், நிஜப் பேச்சிலிருந்து எடுத்த எடுத்துக்காட்டுகள் நிறைந்தது. ஆனால் அது மொழியியலாளருக்கு எழுதப்பட்டது. படிக்கப் பழக லுவாங் பிரபாங்கில் 2006இல் தொடங்கிய ‘பிக் பிரதர் மவுஸ்’ பதிப்பகத்தின் சிறுவர் நூல்கள் கைகொடுக்கும். பலவற்றில் லாவோவும் ஆங்கிலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதற்கு மேல் போக விரும்புபவருக்கு ஊத்தின் புன்யாவோங்கின் சிறுகதைகள். 1999இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் அவற்றை இருமொழிப் பதிப்பாகக் கொண்டுவந்தது. எளிய நடை, கிராமமும் நகரமும் கலந்த வாழ்க்கை; அகராதியோடு உட்கார்ந்தால் வாரத்துக்கு ஒரு கதை படித்துவிடலாம்.

கேட்பதற்கு நீண்ட காலம் அமெரிக்க அரசு நிதியில் இயங்கிய லாவோ வானொலிச் சேவைகள் தெளிவான செய்தி வாசிப்புக்குப் பெயர் பெற்றிருந்தன. 2025இல் நிதி நெருக்கடியில் அவை தடைபட்டன. செய்தியைவிடப் பாட்டு நல்ல ஆசிரியர். கேன் என்ற மூங்கில் குழல் வாத்தியத்தோடு பாடும் ‘லம்’ மரபில் மெட்டு, சொல்லின் சுரத்தைத் தழுவியே போகும். சுரத்தை மீறிய மெட்டு அங்கே எடுபடாது. ஆகவே லம் கேட்பது, அட்டவணை சொல்லித்தராததைக் காதுக்குச் சொல்லித்தரும். கேன் இசையை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்த பிறகு பதிவுகள் கிடைப்பதும் கடினமில்லை.

காசு கொடுத்து இணையவழி ஆசிரியர் வைத்துக்கொள்வோர் பெரும்பாலும் அந்த மணியைப் பாடம் நடத்தச் செய்து வீணாக்குகிறார்கள். வாக்கிய அமைப்பைப் புத்தகமே கற்பிக்கும். ஆசிரியரிடம் வாங்க வேண்டியது இரண்டு: சுரத்தில் திருத்தம், விளியில் திருத்தம். அன்று படித்த பத்து வாக்கியங்களைச் சொல்லிக் காட்டி, அவர் முகம் சுளிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும். அந்தப் பத்து வாக்கியங்களை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், இடைநிலைக்கு நான் இன்னும் காட்டுவது எஃப்.எஸ்.ஐ.யின் இரண்டாம் தொகுதியையே. அதை எழுதவைத்த அலுவலகங்கள் மூடி அரை நூற்றாண்டு ஆகிறது. அதன் மரியாதைச் சொற்களை மட்டும் ஆசிரியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும்.